'பில்' என்று வரும்... திறந்தால் பணம் அபேஸ்! இ-மெயில் வைரஸ்: வியாபாரிகளே, உஷார்!

சேலம்,-

சேலம் லீ பஜார் மண்டியில் இருந்து நாமக்கல் லாரி புக்கிங் ஆபீஸ் வரை, இப்போது பில், கொட்டேஷன், ஆர்டர் எல்லாமே இ-மெயிலில்தான் வருகின்றன. அதே வழியில் திருடனும் வருகிறான்!

அவன் சுவர் ஏறிக் குதிப்பதில்லை. பூட்டை உடைப்பதில்லை. கடைக்காரர் கையாலேயே கதவைத் திறக்க வைக்கிறான்.

"ஏம்ப்பா, மும்பை பார்ட்டி பில் வந்துருச்சா பாரு" என்று முதலாளி குரல் கொடுப்பார். "வந்திருக்குதுங்க" என்பார் கிளார்க். திறப்பார். ஒன்றும் தெரியாது. "சரியா டவுன்லோடு ஆகலைங்க" என்று அடுத்த வேலையைப் பார்ப்பார். உள்ளே புகுந்த வைரஸ் தன் வேலையைப் பார்க்கும். கணக்குப் புத்தகம் முழுவதையும் பூட்டிவிட்டு, "பணம் கொடுத்தால் சாவி" என்று மிரட்டுகிற ரகமும் உண்டு. சத்தமில்லாமல் பாங்க் பாஸ்வேர்டைத் திருடுகிற ரகமும் உண்டு.

டாக்காவில் நடந்தது

கடைக்காரர்கள் மட்டுமா? ஒரு நாட்டின் மத்திய வங்கியே இதில் ஏமாந்தது!

2015 ஜனவரியில் வங்காளதேச மத்திய வங்கி ஊழியர்களுக்கு ஒரு இ-மெயில் வந்தது. 'வேலை வேண்டும். என் பயோடேட்டாவை இங்கே பார்க்கவும்' என்று பணிவான கடிதம். அதில் இருந்த லிங்க்கை அமுக்கியதில் வைரஸ் புகுந்தது.

கும்பல் அவசரப்படவில்லை. ஓராண்டு பதுங்கி இருந்து வேவு பார்த்தது. 2016 பிப்ரவரி 4-ந் தேதி இரவு கைவரிசையைக் காட்டியது. நியூயார்க் பெடரல் ரிசர்வ் வங்கியில் இருந்த வங்காளதேசத்தின் கணக்கில் இருந்து 95 கோடி டாலரை மாற்றச் சொல்லி 35 உத்தரவுகள் பறந்தன!

மறுநாள் வெள்ளிக்கிழமை. டாக்காவில் வார விடுமுறை. வங்கியின் பிரிண்டர் ஓடவில்லை. 'மக்கர் பண்ணுது' என்றுதான் ஊழியர்கள் நினைத்தார்கள். அதை முடக்கியதே அந்த வைரஸ்தான்.

8 கோடியே 10 லட்சம் டாலர் பிலிப்பைன்சுக்குப் போய்ச் சேர்ந்தது. அன்றைய மதிப்பில் சுமார் 550 கோடி ரூபாய். பெரும் பகுதி சூதாட்ட விடுதிகளில் மாயமானது. இலங்கைக்கு அனுப்பிய 2 கோடி டாலர் தப்பியது. காரணம், 'பவுண்டேஷன்' என்ற ஆங்கிலச் சொல்லில் கும்பல் விட்ட எழுத்துப்பிழை!

வாலைப் பாருங்கள்

போலிக் கடிதத்தைக் கண்டுபிடிக்க முதலில் பார்க்க வேண்டியது, பைல் பெயரின் வால். 'இன்வாய்ஸ் டாட் பி.டி.எப்.' என்று தெரியும். அதற்குப் பின்னால் 'டாட் இ.எக்ஸ்.இ.' என்று இன்னொரு வால் ஒளிந்திருக்கும். அது பில் அல்ல, ஓடக்கூடிய புரோகிராம். விண்டோஸ் கம்ப்யூட்டர் வழக்கமாக இந்த வாலை மறைத்தே காட்டும். 'வியூ' பகுதியில் 'பைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை டிக் செய்தால் முழுப் பெயரும் வெளியே வரும்.

2000-ம் ஆண்டு மே மாதம் உலகையே கலக்கிய 'ஐ லவ் யூ' வைரஸ் செய்ததும் இதே தந்திரம்தான். காதல் கடிதம் என்று பெயர். சாதாரண எழுத்து பைல் போலத் தோற்றம். மறைந்திருந்த வால் 'வி.பி.எஸ்.'. பிரிட்டன் பாராளுமன்றமே இ-மெயிலை நிறுத்தி வைத்தது! அதைப் பரப்பிய பிலிப்பைன்ஸ் மாணவர் மீது போட்ட வழக்கு நிற்கவில்லை. அந்த நாட்டில் அப்போது அதற்குச் சட்டமே இல்லை.

அடுத்து அனுப்பியவர் முகவரி. பெரிய கம்பெனி பெயர் இருக்கும். முகவரியோ ஏதோ ஒரு இலவச மெயிலாக இருக்கும். ஆங்கில 'எம்' எழுத்துக்குப் பதில் 'ஆர்', 'என்' இரண்டையும் ஒட்டிப் போடுகிற கில்லாடிகளும் உண்டு. கண்ணாடி போட்டுப் பார்த்தால்தான் பிடிபடும்.

தெரிந்த பார்ட்டியிடம் இருந்து வந்தால்? அவருடைய மெயிலையே திருடன் கைப்பற்றி இருக்கலாம். 'பாங்க் அக்கவுண்ட் மாறிவிட்டது' என்று கடிதம் வந்தால், பழைய பில்லில் உள்ள நம்பருக்கு ஒரு போன் போட்டுவிட வேண்டும். அந்த மெயிலில் உள்ள நம்பருக்கு அல்ல. அங்கே எடுப்பவன் திருடனேதான்!

லாரிக்காரர்களுக்கு வேறு வலை

லாரி உரிமையாளர்களுக்கு வாட்ஸ்அப்பில் 'டிராபிக் சலான்' என்று ஒரு பைல் வருகிறது. அதன் வால் 'ஏ.பி.கே.'. தொட்டு இன்ஸ்டால் செய்தால் போனில் வரும் ஓ.டி.பி. எல்லாம் திருடனுக்குப் போகும். அபராதம் உண்மையா என்பதை அரசின் 'பரிவாகன்' இணையதளத்தில் வண்டி நம்பரைப் போட்டே பார்த்துக்கொள்ளலாம்.

திறந்துவிட்டால்...

முதல் காரியம், நெட் வயரைப் பிடுங்குவது. வைபை இருந்தால் அதையும் நிறுத்த வேண்டும். கணக்கை நகல் எடுத்து வைத்த ஹார்டு டிஸ்க் மாட்டியிருந்தால் உடனே கழற்ற வேண்டும். அதை எப்போதும் மாட்டியே வைப்பது வீண்; வைரஸ் நகலையும் சேர்த்தே பூட்டிவிடும். பிறகு வேறு கம்ப்யூட்டரில் இருந்து பாஸ்வேர்டை மாற்றி, பாங்க்குக்குச் சொல்ல வேண்டும்.

'முதலாளி திட்டுவாரே' என்று பயந்து கிளார்க்குகள் அந்த மெயிலை அழித்துவிடுவது உண்டு. அழிக்கக் கூடாது; போலீசுக்கு அதுதான் தடயம். பணம் போயிருந்தால் 1930 என்ற நம்பருக்கு அந்த நிமிடமே பேச வேண்டும். பணம் கை மாறுவதற்குள் தகவல் போனால், அது போய்ச் சேர்ந்த கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு.