பழைய காரியதரிசியின் பெயரில் திறக்கும் கணினி

நம் சங்கங்களில் பொறுப்பு மாறும்பொழுது ரொக்கத்தை எண்ணுகிறோம். நூல் சிப்பங்களைச் சரிபார்க்கிறோம். பேரேட்டின் பக்கங்களைக்கூட எண்ணிக் கையொப்பம் பெறுகிறோம். கணினியை மாத்திரம் “கணினி ஒன்று” என்று ஒரே வரியில் எழுதி முடித்து விடுகிறோம். அதனுள் அடங்கிய கணக்குக்குரிய திறவுகோல் யாரிடம் இருக்கிறது என்று எவரும் கேட்பதில்லை. இதனால் விளையும் தொல்லை இருவகைப்படும். கணக்கு திறவாமல் நிற்பது ஒன்று. கேளாமலே பழையவர் பெயரில் திறந்து கொள்வது மற்றொன்று. பின்னதே பெருந்தீங்கு என்பது என் கருத்து.

நான் ஆய்வுக்குச் சென்ற நெசவாளர் சங்கம் ஒன்றில் இவ்வாறு நேர்ந்தது. ஓய்வு பெற்ற காரியதரிசியின் பெயரும் கடவுச்சொல்லும் கணினியில் சேமிக்கப்பட்டிருந்தன. புதியவர் அமர்ந்ததும் கணக்கு தானே திறந்தது. வேலை நடந்தால் போதும் என்று அவரும் இருந்து விட்டார். மூன்று மாதம் கழித்து நூல் இருப்பில் குறைவு தென்பட்டது. குறைந்த நூலை வழங்கியவர் யார் என்று பார்த்தால், பதிவு அத்தனையும் வீட்டில் ஓய்ந்திருந்த பெரியவரின் பெயரில்! 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் 87-ஆம் பிரிவின்படி, சங்கத்துக்கு நேர்ந்த நட்டத்தை முன்னாள் பணியாளரிடமிருந்தும் வசூலிக்க வழியுண்டு. பணியிலிருந்து விடுவித்த உத்தரவு அவரிடம் பத்திரமாக இருந்ததால் பிழைத்தார். அது இல்லாதிருந்தால் முப்பதாண்டு நற்பெயர் என்னவாகியிருக்கும்?

முதல் வகைத் தொல்லையை ஒரு விற்பனைச் சங்கத்தில் கண்டேன். நிலக்கடலை ஏலம் முடிந்து விவசாயிகள் பணத்துக்குக் காத்திருந்தனர். திரையிலோ பழைய குமாஸ்தாவின் பெயர். கடவுச்சொல் ஒருவருக்கும் தெரியாது. “எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றி விடலாம்” என்றார் உதவிக்கு வந்த இளைஞர். நல்ல வேளையாக, தலைவர் இணங்கவில்லை. அழித்திருந்தால் பூட்டோடு பெட்டியும் போயிருக்கும்.

இத்தகைய சமயத்தில் முதலில் அறிய வேண்டுவது, மூடியிருப்பது எந்த வாயில் என்பதே. கணினியைத் திறக்கும் விண்டோஸ் வாயில் ஒன்று. கணக்குகளை அடுக்கி வைத்திருக்கும் தரவுத்தளத்தின் வாயில் மற்றொன்று. நாம் நாள்தோறும் காணும் கணக்கு மென்பொருளின் வாயில் மூன்றாவது. ஒன்றின் சாவி மற்றொன்றுக்கு உதவாது. அடுத்து, பழையவரையே கேட்டு விடுவது நலம். மனத்தாங்கல் காரணமாகப் பலர் இந்த எளிய வழியை விட்டு விடுகின்றனர்!

அவர் கிடைக்காவிடில், நிர்வாகக் குழு தீர்மானம் இயற்றி, பூட்டைத் திறக்க இன்னாருக்கு அனுமதி என்று எழுத்தில் தர வேண்டும். உரியவர் அனுமதியின்றிக் கணினிக்குள் நுழைவதை 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43-ஆம் பிரிவு தடுக்கிறது. கணினி சங்கத்தின் உடைமை. அதன் அனுமதி இருந்தால் அச்சமில்லை.

பிறகு நகல். தரவுத்தளத்தின் இயக்கத்தை நிறுத்தி, அதன் கோப்புகளை இரண்டு வட்டுகளில் பிரதி எடுத்து, ஒன்றை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டுக. மைக்ரோசாப்டின் எஸ்.க்யூ.எல். சர்வராயின், கணக்கு இருக்கும் கோப்பு ஒன்று, மாற்றங்களைக் குறிக்கும் கோப்பு ஒன்று என்று குறைந்தது இரண்டு இருக்கும். இரண்டையும் எடுக்க வேண்டும். இது முடியுமுன் வேறெதையும் தொடலாகாது.

அந்தத் தரவுத்தளத்துக்குப் பின்வாசல் ஒன்றைச் செய்தவர்களே வைத்திருக்கின்றனர். அதனை ‘ஒருவர் மட்டும்’ என்னும் நிலையில் மறுபடி தொடங்கினால், அக்கணினியின் விண்டோஸ் நிர்வாகியாக இருப்பவர் முழு அதிகாரத்துடன் உள்ளே செல்லலாம். ‘ஏஜென்ட்’ எனும் துணைச் சேவையை முன்னதாக நிறுத்தாவிடில், அந்த ஒற்றை இடத்தை அதுவே பிடித்துக் கொள்ளும். நுழைந்ததும் புதியவருக்குத் தனிப் பெயரும் உரிமையும் அளித்து, வழக்கமான நிலைக்குத் திருப்பி விட வேண்டும். மைஎஸ்கியூஎல் என்பதில் உரிமைப் பட்டியலைப் பாராமல் தொடங்கும் முறை உண்டு. அவ்வேளையில் கடவுச்சொல்லின்றி எவரும் புகலாமாதலின், வலைத் தொடர்பைத் துண்டித்துக் கொண்டே செய்ய வேண்டும்.

மூன்றாம் வாயிலில் நாமாகக் கை வைத்தல் கூடாது. மென்பொருள் தந்தவரை அழைப்பதே முறை. முறையாகச் செய்த மென்பொருளில் கடவுச்சொல் உள்ளபடியே எழுதப்பட்டிராது. உருமாற்றிய ஒரு குறியீடே இருக்கும். அரைத்த மாவிலிருந்து அரிசியை மீட்க இயலாததுபோல், அதிலிருந்து பழைய சொல்லைப் பெற இயலாது; புதியதை வைக்க மட்டுமே இயலும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். தரவுத்தளத்தின் கடவுச்சொல்லை மாற்றினால், மற்ற மேஜைகளில் உள்ள மென்பொருள் நின்று போகக்கூடும். பழைய சொல் அவற்றின் அமைப்புக் கோப்பில் எழுதப்பட்டிருக்கும். அங்கும் திருத்த வேண்டும். மற்றொன்று, பழையவர் பெயரை நீக்கவே கூடாது. செயலிழக்கச் செய்தால் போதும். நீக்கினால், அவர் காலத்துப் பதிவுகளை எழுதியவர் யார் என்பதற்கான தொடர்பு அறுபடக்கூடும்.

முற்கூறிய நெசவாளர் சங்கத்தில் இப்பொழுது ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர் உண்டு. தரவுத்தளத்தின் தலைமைக் கடவுச்சொல் உறையிலிட்டு அரக்கு முத்திரையுடன் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. தலைவரும் காரியதரிசியும் சேர்ந்தே அதனைப் பிரிக்கலாம். பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் அவ்வுறைக்குத் தனி வரி சேர்த்துள்ளனர். பெரியவரின் பெயர் கணக்கில் அப்படியே நிற்கிறது. அவர் விடுவிக்கப்பட்ட நாளோடு அப்பெயரில் அவரே எழுதிய பதிவுகள் முடிகின்றன. பிந்திய மூன்று மாதப் பதிவுகளுக்குப் புதியவர் எழுத்துமூலம் பொறுப்பேற்றுக் கையொப்பமிட்ட தாள், அவற்றுடன் கோக்கப்பட்டிருக்கிறது.