பன்னீர்த் திராட்சைப் பந்தலும் ஒயின் திராட்சையும்

திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் உழவர்கள் அனைவருக்கும் போர்டோ கலவை தெரியும். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று சென்ற ஆண்டு வகுப்பில் ஒரு மாணவர் கேட்டார். பிரான்சு நாட்டு ஊர் என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்திற்குப் போயிருக்கலாம். அன்று மாலை நூலகத்தில் தொடங்கிய தேடல் ஓராண்டுக்கு என்னை விடவில்லை. ஒயின் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். விடுமுறையில் இரண்டு முறை நாசிக் சென்று தோட்டங்களையும் ஆலைகளையும் பார்த்தேன். ஒயினைச் சுவைத்தும் பார்த்தேன். இந்த ஓராண்டில் கற்றதையும், இடையில் நான் செய்த ஒரு தவற்றையும் உங்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் அந்தக் கலவை. போர்டோ ஒயினுக்குப் பெயர் பெற்ற வட்டாரம். வழிப்போக்கர்கள் பழம் பறிக்காமல் இருக்க, சாலையோரக் கொடிகளில் மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்துத் தெளிப்பது அங்கு வழக்கம். நீலம் பூத்த குலையை யார் வாயில் வைப்பார்கள்? 1882-ல் மில்லார்டே என்ற தாவரவியல் பேராசிரியர் அவ்வழியே சென்றார். அடிச்சாம்பல் நோயால் மற்றக் கொடிகள் இலை உதிர்ந்து நிற்க, தெளித்த கொடிகள் மட்டும் பச்சையாக இருந்தன. சோதனைகள் செய்து 1885-ல் முடிவை வெளியிட்டார். திருட்டுக்குப் பயந்து தெளித்ததுதான் இன்று நம் பந்தலைக் காக்கிறது.

100 லிட்டர் ஒரு சதக் கலவைக்கு மயில்துத்தம் 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ வேண்டும். இரண்டையும் தனித்தனியே 50 லிட்டர் நீரில் கரைத்து, மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் மெல்ல ஊற்றிக் கலக்க வேண்டும். இரும்புப் பாத்திரம் கூடாது. தீட்டிய கத்தியைக் கலவையில் சற்று நேரம் வைத்து எடுங்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று பொருள். இன்னும் கொஞ்சம் சேர்க்கவும். கலந்த அன்றே தெளித்து முடித்துவிட வேண்டும்.

இனி என் தவறு. நாசிக்கிலிருந்து முதல் முறை திரும்பியதும் நேராக சுருளிப்பட்டி பக்கம் உள்ள என் அக்காள் வீட்டிற்குப் போனேன். மச்சானுக்கு இரண்டு ஏக்கர் பன்னீர்த் திராட்சை. "மச்சான், பழைய பந்தலைப் பிரித்துவிட்டு ஒயின் ரகம் நடுங்கள்" என்றேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. "மாப்பிள்ளை, நீங்கள் படித்தவர். ஒரு வருடம் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், பிரிக்கிறேன்" என்றார். அந்த ஒரு வருடம்தான் அவரைக் காப்பாற்றியது.

ஒயின் என்பது திராட்சைச் சாற்றிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சாராயமாக மாற்றுவதால் கிடைப்பது. ஒரு லிட்டர் சாற்றில் சுமார் 17 கிராம் சர்க்கரை இருந்தால் ஒரு சதம் சாராயம் கிடைக்கும். ஆகவே ஒயினுக்கான பழத்தை இனிப்பு 22 முதல் 24 பிரிக்ஸ் வந்த பிறகே அறுக்கிறார்கள். நிறம் தோலில்தான் உள்ளது; துவர்ப்பும் தோலிலிருந்து வருகிறது. கருந்திராட்சையானாலும் பெரும்பாலான ரகங்களில் சாறு நிறமற்றதே. அதனால் சிறிய பழம், தடித்த தோல் உள்ள ரகங்களைத் தேடுகிறார்கள். சந்தையில் நாம் விரும்புவதற்கு நேர் எதிர்!

நம் பன்னீர் ரகம் மஸ்கட் ஹாம்பர்க் எனப்படுவது. 1832-ல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் கொண்டு வந்தார் என்பர். 2023-ல் கம்பம் பன்னீர்த் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பந்தலில் நன்கு பராமரித்தால் எக்டருக்கு ஆண்டுக்கு 30 டன் வரை விளையும். ஆண்டுக்கு இரண்டு அறுவடை உண்டு. நாசிக்கிலும் இரண்டு முறை கவாத்து செய்கிறார்கள்; ஆனால் அறுவடை ஒன்றே. ஏப்ரல் கவாத்து கிளையை வளர்க்க. செப்டம்பர்–அக்டோபர் கவாத்து காய்ப்பிற்கு. பழம் ஜனவரி முதல் மார்ச் வரை, வறண்ட பகலிலும் குளிர்ந்த இரவிலும் பழுக்கிறது. குளிர்ந்த இரவில் பழத்தின் புளிப்பு வீணாகாமல் நிற்கிறது. புளிப்பில்லாத ஒயின் சப்பென்று இருக்கும்.

அதே மாதத்தில் கம்பத்தில் கவாத்து செய்தால் என்ன ஆகும்? பூக்கும் நேரத்தில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். அடிச்சாம்பல் நோயுடன் போராடுவதே வேலையாகிவிடும். மழை தப்பினாலும் நாசிக்கின் குளிர் இங்கே வராது. இதை நான் நடவு யோசனை சொல்வதற்கு முன்பே எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். உழவியல் கற்பிப்பவனுக்கு இது வெட்கம்தான்.

இரண்டாவது பயணத்தில் தெரிந்துகொண்டது சந்தை. மராட்டிய அரசு 2001-ல் ஒயின் தொழிலுக்குத் தனிக் கொள்கை அறிவித்த பின் பலர் ஒயின் ரகங்கள் நட்டார்கள். 2008-க்குப் பின் விற்பனை சரிந்து ஒயின் தேங்கியபோது, சிலர் கொடியையே பிடுங்கினார்கள். சிறு பழம், நிறைய விதை. கூடையில் வைத்து விற்க முடியாது. வாங்குபவர் ஆலைக்காரர் மட்டுமே. அவர் "வேண்டாம்" என்றால் பழம் கொடியிலேயே காய வேண்டியதுதான்.

இன்னொன்று. வீட்டிலேயே சிறிதளவு செய்து பார்க்கலாமா என்று சில உழவர்கள் கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் செய்வது குற்றம். எனக்கும் ஆசைதான், செய்யவில்லை.

எந்த ஆலையாவது உங்களிடம் வந்து ஒயின் ரகம் நடச் சொன்னால், நடுவதற்கு முன்பே எழுத்தில் ஒப்பந்தம் கேளுங்கள். எத்தனை பிரிக்ஸுக்கு என்ன விலை, யார் அளப்பது, எத்தனை நாளில் பணம், குறித்த நாளில் அறுக்க வராவிட்டால் நட்டம் யாருக்கு என்பவை அதில் இருக்க வேண்டும். இருக்கும் பந்தலைப் பிரிக்காமல் பத்து சென்டில் மட்டும் நட்டு, மூன்று ஆண்டு பாருங்கள்.

மச்சானிடம் போய் என் யோசனையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்றேன். அவர் சிரித்துவிட்டு, தளர்ந்திருந்த பந்தல் கம்பியை இழுத்துக் கட்ட என்னைக் கூப்பிட்டார். மே மாதக் கவாத்துக்கு இன்னும் பத்து நாள் இருந்தது.