வளர்ந்தோர்க்கு வரும் முகப்பரு

முகப்பரு இளமைக்கே உரியது என்பது நம்மவரிடையே வேரூன்றிய எண்ணம். பண்டை வைத்திய நூலாகிய சுசுருத சங்கிதையும், இலவ மரத்தின் முள்ளை ஒப்பனவாய் இளைஞர் முகத்திலே தோன்றும் கொப்புளங்களைக் கூறி, முகத்தைக் கெடுப்பன என்னும் பொருள்பட அவற்றை முகதூஷிகை என வழங்குகின்றது. ஆதலின் பதினாறு வயது மாணவன் முகத்திலே பரு அரும்பினால் எவரும் அதனைப் பெரிதாகக் கொள்வதில்லை. அதே பரு முப்பது வயது ஆசிரியையின் தாடையிலோ, நாற்பதை எட்டிய எழுதுவினைஞரின் முதுகிலோ தோன்றுமாயின், கண்டோர் அதற்குக் காரணங் கற்பிக்கத் தொடங்கிவிடுகின்றனர். முகங் கழுவுவதிற் சோம்பல் என்பார் ஒருவர். எண்ணெய்ப் பலகாரத்தில் ஆசை என்பார் இன்னொருவர். கலியாணம் முடிந்தால் மாறிவிடும் என ஆறுதல் மொழிவார் வேறொருவர். இவற்றுள் ஒன்றேனும் நோயின் மூலத்தைத் தொடுவதில்லை.

முகப்பரு உயிருக்கு ஊறு செய்யும் நோயன்று. ஆயினும் அது விட்டுச் செல்லும் பள்ளத் தழும்புகள் ஆயுள் முழுவதும் நிலைப்பன. அதனால் உளஞ் சோர்ந்து, நிழற்படத்துக்கு முகங்கொடுக்க அஞ்சுவோரும், விழாக்களுக்குச் செல்லாது ஒதுங்குவோரும் உளர். நாணத்தினால் வைத்தியரை நாடாது, கடைகளில் விற்கும் களிம்புகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பூசி, நோயையும் வளர்த்துப் பொருளையும் இழப்போர் பலர். இந்நோய் அழுக்கினாலோ ஒழுக்கக் குறைவினாலோ வருவதன்று. உடலினுள்ளே நிகழும் சில மாற்றங்களின் விளைவாக வருவது. தக்க சிகிச்சையால் அடக்கத்தக்கது. காலந் தாழ்த்தினால் தழும்பை எஞ்சவிடுவது. இவ்வுண்மையை விளக்குதலே இக்கட்டுரையில் எமது நோக்கம்.

வளர்ந்தோரிடத்து இந்நோய் அரிதென எண்ணுதல் தவறாகும். இங்கிலாந்தின் லீட்ஸ் நகர வைத்தியர்கள் 1999 இல் வெளியிட்ட ஆய்வொன்றிலே, 25 வயதைக் கடந்தோருள் பெண்களில் நூற்றுக்கு 12 பேரிடமும், ஆண்களில் நூற்றுக்கு 3 பேரிடமும், நோயெனக் கொள்ளத்தக்க அளவில் முகப்பரு காணப்பட்டது. இளமையிலே தொடங்கி நீங்காது தொடர்வது ஒரு வகை. அதுவரை தெளிந்திருந்த முகத்திலே 25 வயதுக்குப் பின் புதிதாக எழுவது மற்றொரு வகை. முன்னையதே மிகுதியாகக் காணப்படுவது.

இனிப் பரு தோன்றுமாற்றைக் காண்போம். நமது தோலிலே மயிர் முளைக்கும் நுண்ணிய குழி ஒவ்வொன்றையும் அடுத்து ஒரு நெய்ச்சுரப்பி உண்டு. அது சுரக்கும் நெய் குழியின் வாயிலாக வெளிவந்து தோலை மென்மையாக வைத்திருக்கும். குழியின் உட்புறத்தை மூடிய கலங்கள் இறந்து உதிர்வது இயல்பு. அவை செவ்வனே உதிராது ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்போது குழியின் வாய் அடைபடுகின்றது. சுரப்பியோ சுரத்தலை நிறுத்துவதில்லை. அடைபட்ட நெய்யிலே, தோலில் எவர்க்கும் இயல்பாக வாழும் ஒருவகைப் பற்றீரியா பெருகுகின்றது. உடல் அதனை எதிர்க்க முற்படும்போது சிவப்பும் வீக்கமும் சீழும் உண்டாகின்றன. நெய் மிகுதல், குழி அடைபடுதல், பற்றீரியா பெருகுதல், அழற்சி தோன்றுதல் என்னும் இந்நான்கும் கூடியவிடத்தே பரு எழுகின்றது. மூக்கின் மேற் காணப்படும் கரும்புள்ளியை அழுக்கென்று எண்ணித் தேய்ப்பார் உளர். அது குழியின் வாயிலே தோலின் நிறப்பொருள் கறுத்துத் தோன்றுவதேயன்றிப் புறத்தேயிருந்து வந்து படிந்த அழுக்கன்று. எத்துணை சவர்க்காரம் இட்டுத் தேய்ப்பினும் அது நீங்காது.

நெய்ச்சுரப்பியை ஏவி நடத்துவன ஓமோன்கள். அவற்றுள்ளும் அந்திரசன் எனப்படும் ஆண்மை ஓமோன்களே முதன்மையானவை. இளமையிலே விதை நீக்கப்பட்ட ஆடவர்க்குப் பரு தோன்றாமையையும், அவர்கட்குத் தெசுத்தெசுத்தரோன் கொடுத்தபோது சிலர்க்குப் பரு எழுந்தமையையும் அமெரிக்க அறிஞர் ஹமில்ரன் 1941 இல் எடுத்துக் காட்டினார். ஆண்மை ஓமோன் எனப் பெயர் பெறினும் அது பெண்களின் சூலகத்திலும், சிறுநீரகத்தின் மேலமைந்த சுரப்பிகளிலும் சிறிதளவு சுரப்பதே. பருவுடைய பெண்கள் பலரின் இரத்தத்தைப் பரிசோதித்தால் ஓமோன் அளவு வழுவின்றியே காணப்படும். அத்தகையோரிடத்து நெய்ச்சுரப்பி அவ்வோமோனுக்கு அளவிறந்து செவிசாய்ப்பதே காரணமாகும். இவ்வியல்பு பெரும்பாலும் பெற்றோர் வழி வருவது. மாதவிடாய்க்குச் சில நாட்களின் முன் தாடையிலும் வாயைச் சூழ்ந்தும் பரு மிகுதலும் ஓமோன்களின் ஏற்றத்தாழ்வினாலேயே.

சிலரிடத்துப் பரு உள்ளிருக்கும் வேறொரு நோயின் அறிகுறியாகலாம். மாதவிடாய் ஒழுங்கு தவறுதல், முகத்திலும் மார்பிலும் உரோமம் வளர்தல், தலைமயிர் ஐதாதல், உடல் பருத்தல் ஆகியன பருவோடு சேர்ந்து காணப்படின், சூலகத்திற் பல சிறு பைகள் தோன்றும் நோய் உண்டோ என ஆராய்தல் வேண்டும். ஸ்ரைன், லெவெந்தால் என்னும் அமெரிக்க வைத்தியர் இருவர் 1935 இல் விவரித்த இந்நோய் நம் நாட்டிலும் உண்டு. கம்பகா மாவட்டத்திலே நடத்தப்பெற்று 2008 இல் வெளியான ஆய்வு, 15 முதல் 39 வரை வயதுடைய பெண்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 6 பேர் இதனை உடையர் எனக் கண்டது. இந்நோய் பின்னாளில் நீரிழிவுக்கும் மகப்பேற்றுத் தடைக்கும் இடந்தரக்கூடியது. கலியாணத்தோடு மாறிவிடும் எனக் காத்திருப்பதன் கேடு இதனால் விளங்கும்.

புறத்தேயிருந்து வருங் காரணங்களும் சில உள. வலிப்பு நோய்க்கும் காச நோய்க்கும் வழங்கப்படும் மருந்துகள் சில பருப்போன்ற கொப்புளங்களைத் தோற்றுவிக்கும். அதற்காக அவற்றை உட்கொள்வோர் தாமாகவே நிறுத்திவிடலாகாது. மருந்து தந்த வைத்தியரிடம் கூறுதலே முறை. உடலைப் பருக்கச் செய்யுமென நம்பி இளைஞர் சிலர் ஏற்றிக்கொள்ளும் ஸ்ரெறோயிட்டுகள் மார்பிலும் முதுகிலும் கொடிய பருவை எழுப்புவன. நெற்றியில் வழியும்படி எண்ணெயோ பசையோ தடவுவோர்க்கு மயிர் எல்லையை அடுத்துச் சிறு பருக்கள் நிரையாக எழுதல் உண்டு. தலைக்கவசத்தின் வார் ஓயாது உராயும் தாடையிலும் இந்நிலை தோன்றும். மனக்கவலையும் உறக்கமின்மையும் முன்னரே உள்ள நோயை மிகுவிப்பன.

இவை எல்லாவற்றினும் அஞ்சத்தக்கவை முகத்தை வெண்மையாக்கும் எனக் கூறி விற்கப்படும் களிம்புகள். இவற்றுட் பலவற்றில் வீரியமிக்க ஸ்ரெறோயிட்டு மறைவாகக் கலந்துள்ளது. பூசிய சில நாட்களிலே சிவப்புத் தணிந்து முகம் பொலிவுறுவதாகத் தோன்றும். தொடர்ந்து பூசும்போதோ தோல் மெலிந்து, நுண்ணிய குருதிக் குழாய்கள் வெளித் தெரிந்து, முன்னையினும் மிகுதியாகப் பரு எழும். நிறுத்தினால் முகம் எரிவதால், பூசுவோர் அதனைக் கைவிடவும் மாட்டாது இடர்ப்படுவர்.

உணவைப் பற்றிய கருத்து அறிஞரிடையேயும் பலகாலும் மாறிவந்துள்ளது. 1969 இல் அமெரிக்காவிலே பருவுடைய 65 பேர்க்குச் சொக்கலேற் கட்டிகளையும், அவற்றை ஒத்த போலிக் கட்டிகளையும் கொடுத்துப் பார்த்தனர். இருவகைக்கும் வேறுபாடு காணப்படாமையால், உணவுக்கும் பருவுக்கும் தொடர்பில்லை என்னும் முடிவு நெடுங்காலம் நிலவிற்று. ஆனால் அப்போலிக் கட்டியிலும் ஏறக்குறைய அதேயளவு சீனியும் கொழுப்பும் இருந்தன என்பது பின்னர் குறையாக எடுத்துரைக்கப்பட்டது. 2002 இல் வெளியான மற்றோர் ஆய்வு, பப்புவா நியூகினியைச் சேர்ந்த கிற்றாவாத் தீவிலே 1200 பேரைப் பரிசோதித்தும் ஒருவரிடத்தேனும் பரு காணப்படவில்லை என அறிவித்தது. அத்தீவினர் கிழங்கும் பழமும் தேங்காயும் மீனும் உண்போர். அவர்தம் பரம்பரையும் வாழ்க்கை முறையும் வேறாதலின் உணவு ஒன்றே காரணமெனத் துணிதல் இயலாது. ஆயினும் ஆராயவேண்டிய பொருள் என்பது தெளிவாயிற்று. 2007 இல் அவுஸ்திரேலியாவின் மெல்போண் நகரிலே, 15 முதல் 25 வரை வயதுடைய 43 ஆடவரை இரு பிரிவினராக்கி 12 வாரம் ஆராய்ந்தனர். குருதியிலே வெல்லத்தை விரைந்து ஏற்றாத உணவை உண்ட பிரிவினர்க்குப் பருக்கள் மற்றையோரினும் மிகுதியாகக் குறைந்தன.

இதன் காரணமும் விளங்கத்தக்கதே. குருதியில் வெல்லம் திடீரென ஏறும்போது இன்சுலின் மிகுதியாகச் சுரக்கின்றது. அது அந்திரசன் சுரத்தலைத் தூண்டுவதோடு, அந்திரசனைப் பிணித்து வைக்கும் புரதத்தையும் குறைக்கின்றது. நெய்ச்சுரப்பி இதனால் இருமடி ஏவப்படுகின்றது. ஆகவே சீனி மிகுந்த தேநீர், இனிப்புப் பானம், வெள்ளைப் பாண், கோதுமை மாப் பண்டம் என்பவற்றைக் குறைத்து, தீட்டாத சிவப்பரிசி, குரக்கன், பயறு, கீரை, மரக்கறி என்பவற்றைக் கூட்டுதல் நன்று. பால் மிகுதியாக அருந்துவோரிடத்துப் பரு சற்று மிகுதியாகக் காணப்படுவதாகச் சில ஆய்வுகள் கூறினும், பாலே காரணமென்பது நிறுவப்படவில்லை. பாலின் தெளிநீரிலிருந்து ஆக்கிய புரத மாவை உண்ணத் தொடங்கியபின் பரு எழுந்தோர் அதனை நிறுத்திப் பார்க்கலாம். எண்ணெயிற் பொரித்தவை உண்பதாற் பரு வருமென்பதற்குத் தக்க சான்று இல்லை. உணவு சிகிச்சைக்குத் துணை, அதுவே சிகிச்சையாகாது. பருவுக்கு அஞ்சிப் பட்டினி கிடத்தல் பேதைமை.

இனிச் சிகிச்சை முறைகளைக் கூறுவோம். முகத்தை நாளுக்கு இருமுறை மென்மையான சவர்க்காரம் கொண்டு கழுவுதல் போதும். அழுத்தித் தேய்த்தலும், தேசிக்காய்ச் சாறு, பற்பசை என்பன பூசுதலும் தோலைப் புண்படுத்துவன. பருவை நகத்தாற் கிள்ளிப் பிதுக்குதல் தழும்புக்கு வழிசெய்யும். வெளிப்பூச்சு மருந்துகளுள் பென்சோயில் பேரொட்சைட்டு பற்றீரியாவை அழிக்கும். உயிர்ச்சத்து ஏயினை ஒத்த இரெற்றினோயிட்டு வகை மருந்துகள் குழி அடைபடாது காக்கும். அசெலாயிக்கமிலம் பருவையும் அது விட்டுச் செல்லும் கருமையையும் தணிக்கும். கர்ப்பிணிகளும் வைத்தியர் கூறியவாறு அதனைப் பயன்படுத்தலாம். இரெற்றினோயிட்டுக் களிம்புகளைக் கர்ப்பிணிகள் தவிர்த்தல் வேண்டும். இம்மருந்துகள் தொடக்கத்திலே தோலைச் சற்று உலர்த்தும். பயன் தெரிவதற்கு 8 முதல் 12 வாரம் செல்லும். இரு வாரத்திலே பயனில்லை எனக் கைவிடுவோரே மிகப் பலர்.

நோய் மிகுந்தவர்க்கு டொக்சிசைக்கிளின் போன்ற உயிரெதிரி மருந்துகள் வழங்கப்படும். இவற்றைத் தனித்தும் நெடுங்காலமும் உட்கொண்டால் பற்றீரியா மருந்தை வெல்லுந் திறன் பெற்றுவிடும். ஆதலின் வெளிப்பூச்சோடு சேர்த்து மூன்று நான்கு மாதங்களுக்கே கொடுப்பது வழக்கம். பெண்களுக்கு ஓமோன் வழிச் சிகிச்சையும் உண்டு. கருத்தடை மாத்திரைகளுட் சிலவும் ஸ்பைரோனோலக்ரோன் என்னும் மருந்தும் அந்திரசனின் ஆட்சியைத் தணிப்பன. பின்னையதன் பயன் இங்கிலாந்திலே 410 பெண்களிடத்து ஆராயப்பட்டு 2023 இல் உறுதியாயிற்று. கருத்தரித்த காலத்தில் அதனை உட்கொள்ளலாகாது.

கொடிய பருவுக்கும், பிற மருந்துகளுக்கு இணங்காத பருவுக்கும் ஐசோற்றெற்றினோயின் என்னும் மாத்திரை உளது. அமெரிக்காவில் 1982 இல் அநுமதி பெற்ற இம்மருந்து நெய்ச்சுரப்பியையே சுருக்குவது. பலர்க்கு நெடுங்காலம் நிலைக்கும் குணத்தைத் தருவது. எனினும் கருவிலுள்ள குழவிக்குக் கொடிய உறுப்புக் கேடுகளை விளைக்கவல்லது. பெண்கள் இதனைத் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பிருந்து, நிறுத்தி ஒரு மாதம் கழியும்வரை கருத்தரியாதிருத்தல் இன்றியமையாதது. குருதிக் கொழுப்பும் ஈரலின் நிலையும் பரிசோதிக்கப்படல் வேண்டும். உளச்சோர்வு தோன்றின் உடனே வைத்தியரிடம் கூறல் வேண்டும். நண்பர் ஒருவர் உண்டு நலம்பெற்றார் என்பதற்காக மருந்துக்கடையில் வாங்கி உண்ணத்தக்க மருந்து இதுவன்று.

நம்போன்ற கருநிறத் தோலினர்க்குப் பரு ஆறிய இடத்திலே கரும்புள்ளி பல மாதம் நிற்பதுண்டு. அது தழும்பன்று, காலப்போக்கில் மங்கும். கடும் வெயிலைத் தவிர்த்தால் விரைந்து மறையும். ஆனால் தொட்டால் நோவுடைய கட்டிகள் தோன்றினாலும், பள்ளம் விழத் தொடங்கினாலும், வெளிப்பூச்சை மூன்று மாதம் முறையாகப் பூசியும் பயனில்லையானாலும் தோல்நோய் வைத்தியரைக் காணுதல் வேண்டும். யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலை முதலான பெரிய அரசாங்க வைத்தியசாலைகளில் இதற்கென வைத்தியப் பிரிவுகள் உள. பொருளின்மையால் எவரும் பின்வாங்க வேண்டியதில்லை.

இறுதியாக, இம்மலரை வாசிக்கும் பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் பழைய மாணவர்க்கும் ஒன்று கூறுவோம். பருவுடையோர் தம் முகத்தை நாள்தோறும் கண்ணாடியிற் காண்கின்றனர். அதனை நாம் எடுத்துக்கூறி அவர் அறியவேண்டியது யாதுமில்லை. திருமண வீட்டிலும் அலுவலகத்திலும் வகுப்பறையிலும், நலம் வினவுவதுபோல் முகத்தைப் பற்றி வினவுதல் அவர்கட்குத் துன்பமே தரும். கேட்டால் நல்வழி கூறுக. கேளாவிடின் பேச்சை வேறு பொருளிற் செலுத்துக. நம் இல்லத்திலே இளையார் எவரேனும் இந்நோயால் ஒடுங்கியிருப்பின், இது நோய் என்றும் இதற்கு மருந்து உண்டு என்றும் தனித்திருக்கையில் அன்போடு கூறி, தழும்பு விழுமுன் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுதல் நம் கடனாகும்.