கையுறைக்குள் ஒரு கை

ஒரு ரூபாய்க் காசை உள்ளங்கையில் அடக்கிக்கொண்டு, வெறுங்கை போல விரல்களைத் தளர்த்தி வைக்க எனக்கு ஆறு மாதம் பிடித்தது. காசைப் பிடித்துக்கொள்வது தோல்தான். லேசான ஈரப்பசை வேண்டும், விளிம்பு கட்டைவிரல் மேட்டில் கவ்வி நிற்க வேண்டும். போன மாதம் துணிக் கையுறை மாட்டிக்கொண்டு அதையே செய்து பார்த்தேன். பத்துக்கு எட்டு முறை காசு தரையில் உருண்டது. சோஃபி லாய்ட் என்ற நடிகையை நினைத்துத்தான் அப்படிச் செய்து பார்த்தேன்.

லண்டனில் யூஸ்டன் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது ‘மேஜிக் சர்க்கிள்’. 1905இல் சோஹோ பகுதியில், பினோலி என்ற உணவகத்தில் 23 பேர் கூடி ஆரம்பித்த வித்தைக்காரர்கள் சங்கம். சோஃபியின் கதை நடந்தது அங்கேதான். சேர வேண்டுமென்றால் தேர்வாளர் முன்னால் வித்தை செய்து காட்ட வேண்டும். சூட்சுமத்தை வெளியே சொல்லிவிட்டால் வெளியேற்றிவிடுவார்கள். முதல் தலைவர் டேவிட் டெவன்ட்கூடத் தன் சொந்த வித்தைகளைப் பத்திரிகையில் விளக்கியதற்காக நீக்கப்பட்டார். பிறகு மன்னித்துச் சேர்த்துக்கொண்டார்கள்.

இந்தச் சங்கத்துக்கும் நம் சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1934இல், கயிற்றை ஆகாயத்தில் நிறுத்திப் பையனை ஏறவைக்கும் இந்தியக் கயிற்று வித்தையைத் திறந்தவெளியில் செய்து காட்டுபவருக்கு 500 கினி பரிசு என்று சங்கத்தின் ஆய்வுக் குழு அறிவித்தது. குழுத் தலைவர் ராபர்ட் ஹென்றி எலியட், எழும்பூர் அரசு கண் மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்தவர். கண் அழுத்த நோய்க்கு அவர் வகுத்த அறுவை சிகிச்சை உலகம் முழுக்கப் பேர் பெற்றது. பரிசை யாரும் வாங்கவில்லை. அப்படி ஒரு வித்தையே கிடையாது என்று எலியட் புத்தகமே எழுதினார்.

மற்றவர்கள் கண்கட்டை இவ்வளவு கறாராகச் சோதித்த சங்கம், 86 ஆண்டுகள் ஒரு பெண்ணைக்கூட உறுப்பினராக்கவில்லை. பெண்களுக்கு ரகசியம் காக்கத் தெரியாதாம். எனக்கு இது புதிதில்லை. பத்தொன்பது வயதில் எங்கள் ஊர் வித்தைக்காரர்கள் கூட்டத்துக்குப் போனபோது, “நீ பெட்டிக்குள்ள படும்மா, வாளை நாங்க சொருகுறோம்” என்றார் ஒரு பெரியவர். அவர் அன்பாகத்தான் சொன்னார், அதனாலேயே இன்னும் வலிக்கிறது.

ஜென்னி வின்ஸ்டன்லி என்ற வித்தைக்காரிக்கும் அதே கோபம். ஆண் வேஷத்தில் ஒருவரை அந்தச் சங்கத்துக்குள் நுழைக்க நினைத்தார். தன்னால் ஆண்போல் வேஷம் கட்ட முடியாதென்று, சோஃபியைப் பழக்கினார். அப்படித்தான் ரேமண்ட் லாய்ட் என்ற ஆண் பிறந்தான். தலையில் விக், சட்டைக்குள் உடம்பைப் பருமனாக்கும் உடை, தாடையைப் புடைக்க வைக்க வாய்க்குள் அடைப்பு. கைகளைத்தான் மறைக்க வழியில்லை, அதனால் கையுறை. 1991இல் அந்தக் கையுறையோடே சோஃபி தேர்வில் வித்தை செய்தார். முடிந்ததும் தேர்வாளர் கிளம்பவில்லை. எதிரில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். மேடையில் இருபது நிமிடம் நடித்துவிடலாம். பக்கத்தில் உட்கார்ந்து, வாய்க்குள் அடைப்போடு, குரலை இறக்கி ஒரு மணி நேரம்! நானறிந்த வித்தைகளில் இதுதான் பெரியது. ரேமண்ட் உறுப்பினர் ஆனான்.

அதே ஆண்டில் பெண்களையும் சேர்ப்பதெனச் சங்கம் முடிவெடுத்தது. அப்போதுதான் ஜென்னியும் சோஃபியும் உண்மையைச் சொன்னார்கள். எழுந்து நின்று கைதட்டியிருக்க வேண்டியவர்கள், ஏமாற்றிவிட்டார் என்று சோஃபியை நீக்கினார்கள். ஒரு ரகசியத்தை மாதக்கணக்கில் காப்பாற்றிக் காட்டியவரை!

பிறகு அந்தச் சங்கத்துக்கே லாரா லண்டன் என்ற பெண் தலைமை ஏற்றார். அவர் காலத்தில் சோஃபியைத் தேடினார்கள். ஸ்பெயினில் இருந்தார். 2025 ஏப்ரலில் லண்டனுக்கு வரவழைத்து, மன்னிப்புக் கேட்டு, உறுப்பினர் சான்றிதழைக் கையில் கொடுத்தார்கள். இந்த முறை சொந்தப் பெயரில்.

ஜென்னி அதைப் பார்க்கவில்லை. 2004இல் சாலை விபத்தில் இறந்துவிட்டார். அந்தச் சான்றிதழில் அவர் பெயரையும் எழுதியிருக்கலாம்.