‘யோசிக்காதே’ன்னு சொன்னா யோசனை நின்னுடுமா?

அவிநாசியிலிருந்து திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் கோவை கல்லூரிகளுக்கும் தினமும் பஸ் ஏறும் இளசுகளுக்குப் பகல் முழுக்க ஓட்டம்தான். படுத்த பிறகுதான் ஆரம்பிக்கும். ‘சூப்பர்வைசர் ஏன் முறைச்சார்? நீல டிக் விழுந்தும் பதில் ஏன் வரலை? நம்மளைப் பிடிக்கலையோ?’

‘எதையும் நினைக்காம தூங்கு கண்ணு’ என்பார்கள் வீட்டில். அதுதான் முடியாது. 1987-ல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர் மாணவர்களிடம், ‘ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள்’ என்றார். கரடி திரும்பத் திரும்ப வந்து நின்றது. துரத்தத் துரத்த நினைப்பும் அப்படித்தான்.

அதனால் துரத்தாதீர்கள், நேரம் ஒதுக்குங்கள். மாலையில் 20 நிமிடம், கவலைகளை நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, ‘நாளைக்கு நான் என்ன செய்ய முடியும்?’ பதில் இருந்தால் அது வேலை. இல்லாவிட்டால், நம் கையில் இல்லாதது. ராத்திரி வரும் கவலையிடம், ‘நாளை சாயங்காலம் வா’ என்று சொல்லுங்கள். பழகச் சில நாளாகும்.

இரண்டு வாரமாகியும் தூக்கம், சாப்பாடு சரியாகவில்லையா? 14416-க்குப் போன் செய்யலாம். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் அந்த நிமிடமே கூப்பிடுங்கள்.

பெற்றோருக்கு ஒன்று: ‘இதுக்கெல்லாமா கவலை?’ வேண்டாம். ‘சொல்லு கண்ணு’ என்று பக்கத்தில் உட்காருங்கள்.