மெத்தையில் வைத்ததும் லேப்டாப் இரைவது ஏன்?

மேசையில் சாதுவாக இருந்த லேப்டாப், மெத்தைக்கு வந்ததும் மிக்ஸி மாதிரி இரைகிறதே, கவனித்திருக்கிறீர்களா?

உள்ளே இருக்கும் சிறு சில்லில் பல நூறு கோடி நுண் சுவிட்சுகள். ஒவ்வொன்றும் மாறி மாறி இயங்கும்போது துளித்துளியாகச் சூடு பிறக்கிறது.

அதைச் சுமந்து போவது ஒரு செம்புக் குழாய். வெறும் உலோகம் என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் அதற்குள் சொட்டுத் தண்ணீர் இருக்கும்!

இட்லிப் பானையை நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் கொதிக்கும் நீர் ஆவியாகி, மூடியில் பட்டுக் குளிர்ந்து, சொட்டாகத் திரும்ப விழுகிறதல்லவா? அதே கதைதான். சில்லின் பக்கம் ஆவியாகும் நீர் மறுமுனையில் குளிர்ந்து, குழாயின் உட்சுவர் வழியே ஊறித் திரும்புகிறது. குழாய்க்குள் காற்று கிடையாது. அதனால் 100 டிகிரிக்குக் காத்திராமல், குறைந்த சூட்டிலேயே நீர் ஆவியாகிவிடும்.

மறுமுனையில் மெல்லிய தகடுகள். அவற்றுக்குக் காற்று வீசுவதுதான் விசிறி. பல லேப்டாப்கள் அடிப்பக்கத் துளைகள் வழியாகத்தான் மூச்சு வாங்குகின்றன. மெத்தை மூக்கைப் பொத்துகிறது. விசிறி திணறிச் சுற்றுகிறது. அப்படியும் சூடு தணியாவிட்டால் சில்லு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். படம் திக்கித் திக்கி ஓடுவது அதனால்தான்.

மேசையிலும் இரைகிறதா? தூசியாக இருக்கலாம். என்னுடையதைத் திறந்தபோது தகடுகளின் முன்னே விளக்குத் திரி கனத்துக்குப் பஞ்சு படிந்திருந்தது. அணைத்துவிட்டு மெல்லிய தூரிகையால் துடையுங்கள். விசிறியை விரலால் பிடித்துக்கொள்ள மறக்காதீர்கள்.