வலிக்காமலே போகும் பார்வை: ரத்தம் குறைந்தால் விழித்திரை என்ன செய்கிறது?

"கண்ணுல வலியும் இல்ல, பார்வையும் நல்லாத்தான் இருக்கு. பிறகு எதுக்கு டாக்டர்?" சர்க்கரை நோயுள்ள நம் பெரியவர்கள் பலர் இப்படித்தான் கேட்கிறார்கள். ஆனால் விழித்திரை பாதிக்கப்படும்போது பெரும்பாலும் வலிப்பதில்லை. பார்வை மங்கும் முன்பே பாதிப்பு முற்றியிருக்கவும் கூடும்.

கண்ணின் உட்புறப் பின்சுவரில் படிந்திருக்கும் மெல்லிய நரம்புப் படலமே விழித்திரை. அதன் எடைக்கு அது செலவழிக்கும் ஆக்சிஜன் மிக அதிகம், சேமிப்போ கிடையாது. பாளையங்கால்வாயில் தண்ணீர் வரத்து குறைந்தால் கடைமடை வயல் வாடுவதைப் போல, ரத்தம் குறைந்தால் அதன் செல்கள் தவிக்கின்றன.

திடீர் அடைப்பு

விழித்திரையின் முக்கியத் தமனி அடைபட்டால் செல்களுக்கு ஆற்றல் தீர்ந்துபோகிறது. குளுட்டமேட் என்னும் வேதிப்பொருள் அளவுமீறிச் சேர்கிறது. கால்சியம் செல்லுக்குள் பாய்கிறது. நரம்புச் செல்கள் மடிகின்றன. சில மணி நேரத்திலேயே நிரந்தரச் சேதம் ஏற்பட்டுவிடும். இது கண்ணில் வரும் பக்கவாதம்.

மெல்ல வரும் பஞ்சம்

சர்க்கரை நோயில் நுண்ணிய ரத்தக்குழாய்கள் சிறிது சிறிதாக அடைபடுகின்றன. அப்போது செல்களுக்குள் எச்.ஐ.எஃப். என்ற புரதம் பெருகுகிறது. செல்கள் ஆக்சிஜனை உணரும் இந்த வழியைக் கண்டறிந்த கேலின், ராட்கிளிஃப், செமென்சா மூவருக்கும் 2019-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

எச்.ஐ.எஃப். தூண்டுவதால் வி.இ.ஜி.எஃப். என்ற இன்னொரு புரதம் சுரக்கிறது. "புதுக் குழாய் போடு" என்பதே அதன் கட்டளை. ஆனால் அவசரத்தில் முளைக்கும் குழாய்கள் கரை கட்டாத வாய்க்கால் போன்றவை. நீர் கசிந்து விழித்திரை வீங்குகிறது. குழாய் உடைந்து கண்ணுக்குள் ரத்தம் கசிகிறது. தழும்பு இழுத்தால் விழித்திரையே பிரிந்துவிடும். பிழைக்கச் செய்த முயற்சியே பார்வைக்கு வினையாகிறது.

நாம் செய்ய வேண்டியது

வி.இ.ஜி.எஃப்.பைத் தடுக்கும் ஊசியும், ஆக்சிஜன் தேவையைக் குறைக்கும் லேசர் சிகிச்சையும் இன்று உண்டு. இருக்கும் பார்வையை அவை பெரும்பாலும் காக்கும். மடிந்த செல்லை மீட்காது. அதனால்தான் நேரத்தோடு பார்ப்பது முக்கியம்.

பெரியவர்களுக்கு வரும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் தெரியவந்த உடனேயும், பின்னர் மருத்துவர் வேறு கெடு சொல்லாதவரை ஆண்டுதோறும், சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும். கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பது இதற்கு ஈடாகாது. திருநெல்வேலியில் 1988 முதல் அரவிந்த் கண் மருத்துவமனை இயங்குகிறது. பாளையங்கோட்டையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கிறது. மேலப்பாளையத்திலிருந்தோ பேட்டையிலிருந்தோ தூரம் அதிகமில்லை. சர்க்கரையுடன் ரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைப்போம், புகையை விடுவோம்.

ஒரு கண் திடீரென இருண்டால், "காலையில் பார்ப்போம்" என்று படுக்க வேண்டாம். அந்த நிமிடமே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் புறப்பட வேண்டும்.